நிலைக்கும் கதவுக்கும் வாட்டர் பேஸ்டு பெயின்ட்: எதைப் பார்த்து வாங்குவது?

திருநெல்வேலிப் பக்கம் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதில் ஒரு பழைய கணக்கு உண்டு. சுவருக்குத் தண்ணீர் பெயின்ட், அதாவது தண்ணீரில் கலந்து வருகிற வாட்டர் பேஸ்டு; மரத்துக்கும் கம்பிக்கும் ஆயில் பெயின்ட். ஹார்டுவேர் கடையில் போய், "அண்ணாச்சி, உள்கதவுக்கு வாட்டர் பேஸ்டு அடிக்கலாமா?" என்று கேட்டால், "அது சுவத்துக்குல்லா! கதவுக்கு நிக்காது, எனாமல் கொண்டு போங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அண்ணாச்சி சொல்வதில் தவறில்லை. சுவருக்கு அடிக்கிற எமல்ஷனைக் கதவில் அடித்தால் நிற்காதுதான். ஆனால் மரத்துக்கும் இரும்புக்கும் என்றே தயாரித்து வருகிற வாட்டர் பேஸ்டு எனாமல் வேறு சரக்கு. இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், வாங்கும்போது வருகிற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி, பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது.

வீட்டுக்குள் நாம் பேசுகிற சாமான்கள் இவை: கதவு, நிலை, ஜன்னல் சட்டம், கதவு ஓரத்துப் பீடிங், சுவரடி ஸ்கர்ட்டிங், சீலிங் ஓரத்துக் கார்னிஸ். சுவரை நாம் பார்ப்பதோடு சரி. கதவையும் நிலையையும் தொடுகிறோம், தள்ளுகிறோம், பிள்ளைகள் தொங்குகின்றன, மாப் குச்சி இடிக்கிறது, எண்ணெய்க் கை படுகிறது, ஈரத்துணியால் துடைக்கிறோம். அதைவிட முக்கியம், கதவும் நிலையும் மூடும்போது பெயின்டும் பெயின்டும் உரசி ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கின்றன. சுவர் பெயின்டுக்கு இந்தச் சோதனையே வருவதில்லை.

டின்னுக்குள் என்ன இருக்கிறது

எந்தப் பெயின்டிலும் அடிப்படையில் மூன்று பொருள்கள். நிறம் தரும் தூள். வெள்ளை என்றால் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. அந்தத் தூளைப் பிடித்து வைத்து மரத்தோடு ஒட்ட வைக்கும் பிசின். இரண்டையும் இளக்கமாக வைத்து, அடித்து முடித்ததும் காற்றோடு போய்விடும் திரவம். இவற்றோடு நுரை அடக்க, பூஞ்சை பிடிக்காமலிருக்க என்று சில சில்லறைச் சேர்மானங்கள்.

ஆயில் எனாமலில் பிசின் ஆல்கிட் வகை, எண்ணெயிலிருந்து செய்தது. திரவம் டர்பன்டைன். அடித்த பிறகு டர்பன்டைன் ஆவியாகும், அந்த மூக்கைத் துளைக்கிற வாசனை அதுதான். அதோடு வேலை முடியாது. மிச்சமிருக்கும் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகும். அதனால்தான் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு ராத்திரி விட வேண்டியிருக்கிறது. பொறுமையாகக் காய்வதால் பிரஷ் கோடுகள் தாமாகவே படிந்து கண்ணாடி மாதிரி வழவழப்பு கிடைக்கும். ஆனால் இந்த இறுக்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை. வருஷக்கணக்கில் தொடர்ந்து, கடைசியில் பெயின்ட் உடையும் தன்மைக்கு வந்து வெடிக்கும். வெள்ளையும் மஞ்சளாகும். வெளிச்சம் படாத இடத்தில் இன்னும் சீக்கிரம் மஞ்சளாகும். அலமாரிக் கதவின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரியும்.

வாட்டர் பேஸ்டில் பிசின் பெரும்பாலும் அக்ரிலிக். அது தண்ணீரில் கரைந்திருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத குட்டி உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அந்த உருண்டைகள் நெருங்கி, ஒன்றையொன்று நசுக்கி, இணைந்து ஒரே தோலாகின்றன. கஞ்சி வடித்த சோறு ஆறும்போது பருக்கையோடு பருக்கை ஒட்டிக் கட்டியாவது போல. ஒருமுறை இணைந்துவிட்டால் மறுபடி தண்ணீர் ஊற்றினாலும் பிரிவதில்லை. "தண்ணி பெயின்டு தண்ணி பட்டா போயிரும்லா" என்கிற பயம் சுண்ணாம்பும் டிஸ்டம்பரும் அடித்த காலத்திலிருந்து வருவது. காய்ந்த அக்ரிலிக்குக்கு அது பொருந்தாது. இது மஞ்சளாவதும் இல்லை. மரம் மழைக்காலத்தில் உப்பி வெயில் காலத்தில் சுருங்கும்போது கூடவே வளைந்துகொடுக்கும். வாசனை மிகக் குறைவு. கைக்குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருக்கிற வீட்டில் இது ஒன்றே போதுமான காரணம்.

அப்படியானால் குறை என்ன? வேகமாகக் காய்கிறது. கேட்க நல்லதாகத் தோன்றும். ஆனால் பிரஷ் கோடு படிவதற்குள் காய்ந்துவிட்டால் கோடு அப்படியே நின்றுவிடும். முழுப் பளபளப்பான 'கிளாஸ்' ரகம் அடித்தாலும் ஆயில் எனாமல் அளவுக்குப் பளபளக்காது. அப்புறம், தொட்டால் ஒட்டாத நிலைக்கு அரை மணி, ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாலும், உள்ளுக்குள் முழு உறுதிக்கு வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இந்தக் கடைசி விஷயம் தெரியாமல்தான் நிறையப் பேர் "வாட்டர் பேஸ்டு சரியில்லை" என்று முடிவு கட்டுகிறார்கள்.

எந்த டின்

சுவர் வேலையில் மிஞ்சிய எமல்ஷனைக் கதவுக்கு அடிப்பதுதான் நம்மூரில் அதிகம் நடக்கிற சிக்கனம். அதன் பிசின் மென்மையானது. வெயில் நாளில் கதவைச் சாத்தி வைத்தால் நிலையும் கதவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திறக்கும்போது 'பிர்ர்' என்று சத்தத்தோடு பெயின்ட் உரிந்து வரும். கைப்பிடியைச் சுற்றி அழுக்குப் படிந்து கழுவினாலும் போகாது. ஆக டின்னில் முதலில் தேட வேண்டியது 'எமல்ஷன்' என்ற சொல் அல்ல, 'எனாமல்' என்ற சொல். அதோடு மரத்துக்கும் உலோகத்துக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கவும். 'வாட்டர் பேஸ்டு எனாமல்', 'அக்ரிலிக் எனாமல்', 'வாட்டர் பேஸ்டு பி.யு. எனாமல்' என்றெல்லாம் பெயர் இருக்கும்.

இவற்றுக்குள்ளும் ரகம் உண்டு. வெறும் அக்ரிலிக் எனாமல் படுக்கையறைக் கதவு, ஜன்னல் சட்டம் போன்றவற்றுக்குத் தாராளமாகப் போதும். பாலியூரித்தேன் (பி.யு.) கலந்தது இன்னும் கடினம். சமையலறைக் கதவு, பிள்ளைகள் ஓடுகிற கூடத்து நிலை, படிக்கட்டுக் கைப்பிடி போன்ற அடிபடும் இடங்களுக்கு அதை வாங்கலாம், விலை கூடும். மூன்றாவதாக, ஆல்கிட் பிசினையே தண்ணீரில் கலந்து தருகிற வகை. ஆயில் எனாமல் மாதிரிப் படிந்து வழவழப்பாக நிற்கும், பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவலாம். ஆனால் உள்ளே ஆல்கிட் இருப்பதால் கொஞ்சம் மஞ்சளாகத்தான் செய்யும். சுத்த வெள்ளை வேண்டுமென்பவர்கள் அக்ரிலிக் பக்கமே நிற்பது நல்லது.

பளபளப்பில் என் கட்சி சாட்டின், அதாவது அரைப் பளபளப்பு. நம் வீட்டு நிலைகள் தலைமுறை தலைமுறையாக அடிபட்டவை. ஆணிக்குழி, இழைப்புளி தவறின இடம், கட்டில் ஏற்றும்போது பட்ட காயம், எல்லாமே இருக்கும். கிளாஸ் அடித்தால் ஒவ்வொன்றும் விளக்குப் போட்டுக் காட்டும். பளபளப்பே இல்லாத மேட் அடித்தால் கைரேகை நிற்கும், துடைக்கத் துடைக்கத் தேய்ந்த தடம் தெரியும். சாட்டின் நடுவில் நின்று இரண்டு தொல்லையையும் குறைக்கிறது. முகம் பார்க்கிற பளபளப்புத்தான் வேண்டும் என்கிற ஆளுக்கு ஆயில் எனாமல்தான் இன்னும் சரி. அதில் வாட்டர் பேஸ்டைத் திணிக்க வேண்டாம்.

அடர் நிறத்தில் ஓர் எச்சரிக்கை. கறுப்பு, அடர் பழுப்பு, பாட்டில் பச்சை போன்றவற்றுக்குக் கடையில் நிறம் கலக்கும் மெஷினில் நிறைய நிறக்கரைசல் விட வேண்டும். அது கூடக் கூடப் பெயின்ட் உறுதியாக எடுக்கும் நாளும் கூடும். அந்த நிறங்களில் கதவு ஒட்டும் தொல்லை அதிகம். வெள்ளை, சந்தன நிறம், வெளிர் சாம்பல் அவ்வளவு சோதிப்பதில்லை.

அடியில் என்ன இருக்கிறது

நல்ல டின் வாங்கி வந்து, ஆறு மாசத்தில் தோல் தோலாக உரிகிறது என்று புலம்புகிற வீடுகளில் குற்றம் அநேகமாக அடியில்தான் இருக்கும். பழைய ஆயில் எனாமல் பளபளவென்று இருக்கும்போதே அதன்மேல் வாட்டர் பேஸ்டை இழுத்துவிட்டிருப்பார்கள். பிடிக்க ஒரு சொரசொரப்புக்கூட இல்லாத பரப்பில் அது மேலே படர்ந்து நிற்குமே தவிர ஒட்டாது. நகத்தால் சுரண்டினால் பிளாஸ்டிக் கவர் மாதிரி வரும்.

ஏற்கெனவே இருப்பது ஆயிலா, தண்ணீரா என்று தெரியாவிட்டால் ஒரு சின்னச் சோதனை. பஞ்சில் நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தை நனைத்து, மறைவான ஓரிடத்தில் தேய்க்கவும். நிறம் இளகிப் பஞ்சில் வந்தால் தண்ணீர் பெயின்ட். அசையாமல் நின்றால் ஆயில். நம் வீடுகளில் பெரும்பாலும் அசையாது.

ஆயில்தான் என்றால் மூன்று வேலை. முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வேண்டும். சமையலறைப் பக்கத்து நிலை, சாமி அறைக் கதவு இரண்டிலும் தாளிப்புப் புகையும் விளக்குப் புகையும் கண்ணுக்குத் தெரியாத படலமாக இருக்கும். அதைக் கழுவாமல் தேய்த்தால் எண்ணெய் உப்புத்தாள் வழியாக எல்லா இடத்துக்கும் பரவும். சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு காய விடுதல். இரண்டாவது, 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்தல். மரம் தெரிய வேண்டியதில்லை, கண்ணாடித்தனம் போனால் போதும். மூன்றாவது, வழுவழுப்பான பரப்பிலும் பிடிக்கக்கூடியது என்று எழுதியிருக்கிற பிரைமர் (மேல் பெயின்ட் பிடிப்பதற்காக அடியில் அடிக்கிற பூச்சு) ஒரு கோட். அதன்பின் வாட்டர் பேஸ்டு எனாமல். சந்தேகம் இருந்தால் கதவின் மூலையில் ஒரு சாண் இடத்தில் மட்டும் அடித்து, ஒரு வாரம் விட்டு, பிளேடால் பெருக்கல் குறி கீறி, அதன்மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப்போடு பெயின்ட் வராவிட்டால் முழுக் கதவுக்கும் இறங்கலாம்.

தேய்ப்பதில் ஒரு முக்கியமான ஜாக்கிரதை. பழைய எனாமல்களில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. தாத்தா காலத்து நிலையில் பல அடுக்குப் பெயின்ட் இருக்கிறது என்றால் அது அந்த விதிக்கு முந்தியது. உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தூள் பறக்கவிடக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பர் வாங்கி, நனைத்து நனைத்துத் தேய்த்து, சேற்றை ஈரத்துணியில் வழித்து எடுக்கவும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நேரம் வேறு வீட்டில் இருக்கட்டும். பெயின்டர் "ஒண்ணும் செய்யாது, நாங்க எத்தன வருசமா தேய்க்கோம்" என்பார். அவருக்கும் ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

புது மரம் என்றால் சிக்கல் வேறு மாதிரி. தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து மரக்கடைகளிலிருந்து வரும் தேக்கு, வேங்கை, கோங்கு எல்லாவற்றிலும் மரத்துக்குள்ளேயே சாயம் உண்டு. வேங்கை மரக் குவளையில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் செம்பழுப்பாக மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரைக்கு நல்லது என்று குடிப்பவர்கள் இந்தப் பக்கம் உண்டு. அந்தக் குவளையில் நடப்பதுதான் வேங்கை நிலையில் வாட்டர் பேஸ்டு வெள்ளை அடிக்கும்போதும் நடக்கிறது. பெயின்டில் இருக்கிற தண்ணீர் மரச்சாயத்தைக் கரைத்து மேலே இழுத்து வருகிறது. முதல் கோட் காய்ந்ததும் டீக்கறை மாதிரித் திட்டுத் திட்டாகத் தெரியும். இன்னொரு கோட் அடித்தாலும் மறுபடி வரும். எத்தனை அடித்தாலும் வரும், ஏனென்றால் ஒவ்வொரு கோட்டிலும் புதிதாகத் தண்ணீர் போகிறது.

இதற்கு வழி, முதல் கோட்டில் தண்ணீரே இல்லாமல் பார்த்துக்கொள்வது. கறையைத் தடுக்கும் ஆயில் வகை உட் பிரைமர் ஒரு கோட், நன்றாகக் காய்ந்து லேசாக உப்புத்தாள் காட்டிய பிறகு மேலே வாட்டர் பேஸ்டு. கணுக்களில் மட்டும் சாயம் கசிகிறது என்றால், ஆசாரிமார் பாலிஷுக்கு வைத்திருக்கும் அரக்கு கலந்த ஸ்பிரிட்டை அந்தக் கணுவில் தொட்டு வைத்தால் அடைத்துவிடும். "வாட்டர் பேஸ்டு வாங்கிட்டு அடியில ஆயில் பிரைமரா?" என்று தயங்க வேண்டாம். ஒரு கோட் பிரைமரின் வாசனை ஓரிரு நாளில் போய்விடும். மேலே இருப்பது மஞ்சளாகாமல் நிற்கும். தேக்கில் இன்னொன்று: அது எண்ணெய்ப் பசையுள்ள மரம். பிரைமருக்கு முன் தின்னர் தொட்ட துணியால் ஒரு துடை துடைத்துவிட்டால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

சரி, இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. நல்ல தேக்கில் கொடி வேலைப்பாடு செய்த பழைய வாசல் நிலை இருந்தால் அதற்குப் பெயின்டே வேண்டாம். பாலிஷோ வார்னிஷோ போதும். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சளும் குங்குமமும் வைக்கிற இடத்தில் வெள்ளை எனாமல் அடித்தால் மஞ்சள் கறை ஏறத்தான் செய்யும். அக்ரிலிக் படலம் ஆயில் எனாமலைவிடக் கறையைச் சற்றுக் கூடுதலாகவே பிடித்துக்கொள்ளும். வாட்டர் பேஸ்டு வெள்ளையை உள்கதவுகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சுவரடி ஸ்கர்ட்டிங்கும், பழைய வீடுகளில் சுவரின் கீழ்ப்பாதியில் அடர் நிறத்தில் இழுக்கிற பட்டையும் மரமல்ல, சிமென்ட்டோ சுண்ணாம்போ. இங்கே ஆயில் பெயின்ட்தான் தப்பான தேர்வு, ஆனால் அதைத்தான் அதிகம் அடிக்கிறார்கள். சிமென்ட்டிலும் சுண்ணாம்பிலும் காரம் இருக்கிறது. காரமும் எண்ணெயும் சேர்ந்தால் சோப்பு. சோப்பு காய்ச்சுகிற முறையே அதுதான். ஈரம் ஏறுகிற சுவரில் ஆயில் எனாமலின் அடிப்பக்கம் மெல்லச் சோப்பாகிப் பிசுபிசுத்து, கொப்புளமாக எழும்பி உரிகிறது. அக்ரிலிக் காரத்தைத் தாங்கும், சுவரின் ஈரத்தையும் ஓரளவு வெளியே விடும். புதுப் பூச்சு என்றால் 28 நாளாவது ஆறவிட்டு, காரம் தாங்கும் பிரைமர் அடித்து, வாட்டர் பேஸ்டு எனாமல் அடிக்கவும். சுவரில் ஓதம் தொடர்ந்து ஏறினால் மட்டும் எந்தப் பெயின்டும் நிற்காது. அது கொத்தனார் வேலை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஜிப்சம் கார்னிஸ்களுக்கு எனாமல் தேவையே இல்லை. யார் கையும் படாத உயரம், சீலிங்குக்கு அடிக்கிற எமல்ஷனே போதும். மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகைப் பீடிங்கின் வெட்டிய ஓரங்கள் தண்ணீரைக் குடித்து உப்பும். அந்த ஓரங்களுக்கு முதலில் ஆயில் பிரைமர். இரும்புக் கிரில்லில் துரு சுரண்டி, துருத் தடுப்பு மெட்டல் பிரைமர் அடித்த பிறகுதான் வாட்டர் பேஸ்டு. வெறும் இரும்பில் அடித்தால் காய்வதற்குள் துருப்புள்ளி தெரியும். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோர ஊர்களில் கம்பியில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டே பிரைமர் தொட வேண்டும்.

எந்த மாசம், எந்த நேரம்

10 டிகிரிக்குக் கீழே அடிக்காதீர்கள் என்று டின்னில் எழுதியிருக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் தொல்லை எதிர்ப்பக்கம். பங்குனி, சித்திரை மதியத்தில் மேற்கு பார்த்த ஜன்னல் சட்டம் கையை வைக்க முடியாமல் சுடும். அதில் பிரஷ் வைத்தால் இழுக்கும்போதே காய்ந்து சொரசொரவென்று நிற்கும். அந்த மாசங்களில் காலை பத்து மணிக்குள்ளும், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகும் அடிக்கலாம். அடிக்கும்போது ஃபேனை நிறுத்தி வையுங்கள்; முடித்து அரை மணி கழித்துப் போடலாம்.

ஆனி, ஆடியில் காற்று. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றுகிற அந்தக் காற்று செம்மண் தூளையும் சேர்த்துக் கொண்டுவரும். ஈரப் பெயின்டில் விழுந்த தூசி விழுந்ததுதான். காற்று வரும் பக்கத்து ஜன்னலை அடைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். வாட்டர் பேஸ்டு சீக்கிரம் காய்வது இங்கே உண்மையான லாபம். ஆயில் எனாமல் ராத்திரி முழுக்கத் தூசியை வரவேற்றுக்கொண்டு நிற்கும். இதே மாசங்களில் தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் மொத்தச் சீமைக்கும் மழை. ஈரக்காற்றில் பெயின்டின் தண்ணீர் வெளியேற இடமில்லாமல் காய்வது இழுத்தடிக்கும். மரமும் உப்பியிருக்கும், நிலையில் பிடிக்கிற கதவை அப்போது இழைக்காமல் பெயின்ட் மட்டும் அடித்தால் ஓரம் முழுக்க உரிந்துவிடும். என்னைக் கேட்டால் தை, மாசிதான் நல்ல காலம். ஆனால் எல்லாரும் பொங்கலுக்கு முன்பே முடிக்க நினைப்பதால் மார்கழியில் பெயின்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படி மார்கழியிலேயே அடிப்பதென்றால் பனி விலகி மரம் உலர்ந்தபின் ஆரம்பிக்கவும்.

வாங்குவதும் அடிப்பதும்

ஏழடிக்கு மூன்றடிக் கதவு ஒரு பக்கம் 21 சதுர அடி, இரு பக்கமும் 42. நிலையின் மூன்று பக்கமும் சேர்த்து 17 அடி நீளம், சுற்றளவில் சுமார் ஓர் அடி தெரியும் என்று வைத்தால் 17. ஓரங்களையும் சேர்த்து 60 சதுர அடி. ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 130 சதுர அடி வரும். ஆக ஒரு கதவு, நிலை, இரண்டு கோட் என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர். லிட்டர் விலை ஆயில் எனாமலைவிடப் பொதுவாகச் சற்று அதிகம்தான். ஆனால் நாலு மணி நேர இடைவெளியில் இரண்டு கோட்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். கூலி நாள் கணக்கில் கொடுக்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

பெயின்டரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியது பிரஷ்ஷும் தண்ணீரும். ஆயில் பெயின்டுக்குப் பழகிய பன்றிமுடிப் பிரஷ் தண்ணீரைக் குடித்து ஊதி விரியும். நைலான் அல்லது பாலியெஸ்டர் முடி உள்ள பிரஷ் வேண்டும். தட்டையான கதவுக்கு நாலு இஞ்ச் ஃபோம் ரோலர் இருந்தால் கோடே விழாது. தண்ணீர், டின்னில் சொன்ன அளவுக்கு மேல் கூடாது. எனாமலில் டர்பன்டைன் ஊற்றிப் பழகிய கை, இதில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றும். "இழுவையா இருக்கு, கொஞ்சம் தண்ணி விடுதேன்" என்பார்கள். ஊற்றிய அளவுக்குப் பிசின் குறைந்து படலம் பலவீனமாகும். ஊற்றுவதும் போர்வெல் உப்புத் தண்ணீராக இல்லாமல் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும்.

அடிக்கும்போது விதி ஒன்றே ஒன்று: போன இடத்துக்குத் திரும்பாதே. இரண்டு மூன்று நிமிஷத்துக்குமேல் ஆன இடத்தில் 'ஒரு தொடு தொட்டுவிடலாம்' என்று பிரஷ் வைத்தால் பாதி காய்ந்த தோல் கிழிந்து கரடுமுரடாகும். விட்டுப்போன இடம் தெரிந்தால் அடுத்த கோட்டில் சரியாகும். கதவில் பீடிங், நடுப்பலகை முதலில், குறுக்குச் சட்டம் அடுத்து, நெடுஞ்சட்டம் கடைசி. கதவின் தலையோரமும் அடியோரமும் யார் கண்ணுக்கும் தெரியாது என்று விட்டுவிடுவார்கள். பாத்ரூம் கதவு கீழிருந்து உரிவதற்குக் காரணம் அந்த அடியோரம்தான். பெயின்ட் படாத வெறும் மரம் வழியாகத் தண்ணீர் ஏறி உள்ளிருந்து பெயின்டைத் தள்ளுகிறது. கதவு மாட்டுவதற்கு முன்பே ஆசாரியிடம் சொல்லி அந்த இரண்டு ஓரத்துக்கும் பிரைமரும் இரண்டு கோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடித்த பிறகு இரண்டு நாளாவது கதவைத் திறந்தே வைக்க வேண்டும். ராத்திரி சாத்தியே ஆக வேண்டுமென்றால் நிலையோடு உரசும் ஓரத்தில் கொஞ்சம் முகப்பவுடர் தடவிவிட்டால் ஒட்டாது. முதல் மாசம் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈரத்துணி போதும். தோரணத்தையும் பிறந்தநாள் பலூனையும் செல்லோ டேப்பில் ஒட்டுவதும் அந்த ஒரு மாசத்துக்கு வேண்டாம். பிரஷ் கழுவிய தண்ணீர் வாய்க்காலுக்குப் போகக் கூடாது. முடிந்தவரை பெயின்டைப் பழைய பேப்பரில் துடைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் கழுவவும்.

மிஞ்சிய பெயின்டைப் பெரிய டின்னிலேயே வைத்தால் உள்ளிருக்கிற காற்றில் தோல் கட்டும். நிரம்புகிற அளவு சின்ன டப்பாவுக்கு மாற்றி, எந்த அறைக் கதவு, எந்த மாசம் என்று எழுதி, மூடியில் ஒட்டியிருந்த கலர் நம்பர் ஸ்டிக்கரையும் பிய்த்து அதில் ஒட்டிவிடுங்கள். கடை மெஷினில் அதே நிறத்தைக் கலக்க அந்த நம்பர்தான் வேண்டும்; "லேசான சந்தனக் கலர் அண்ணாச்சி, போன வருசம் வாங்குனது" என்று சொன்னால் அவர் ஷேடு கார்டைத்தான் நீட்டுவார்.